மீசையும் பூசையும்

முத்துக்குளித்துறை வரலாற்றுத் தொடர் – 7

எங்கள் கடற்கரை ஊர்களில் வயதான பெண்கள் இன்றும் ‘திருப்பலி’ என்று சொல்வதில்லை. “பூசைக்கு ரெண்டாம் மணி அடிச்சாச்சு, கெளம்பு” என்றுதான் பேரப்பிள்ளைகளை விரட்டுவார்கள். வீரபாண்டியன்பட்டினத்து மாதா கோயிலிலும் பூசை; அங்கிருந்து கூப்பிடு தூரம் என்று சொல்லத்தக்க திருச்செந்தூரில் முருகனுக்கும் பூசை. இரண்டு கோயிலுக்கும் ஒரே சொல் எப்படி வந்தது என்று சிறு வயதில் நான் யோசித்ததே இல்லை. இந்த வாரம் அந்தச் சொல்லின் கதையைத்தான் சொல்லப்போகிறேன். அது வருவதற்கு முன்னால், இதே கரையில், சில ஆண்டுகள் மக்கள் பூசையை ‘மீசை’ என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

1530-களில் முத்துக்குளிக்கும் பரதவரின் தலைவர்கள் கொச்சிக்குப் போய்ப் போர்த்துக்கீசியரிடம் அடைக்கலம் கேட்டதையும், குதிரை வணிகர் ஜோவான் த குருஸ் அவர்களுக்கு வழிகாட்டியதையும், 1537-க்குள் வேம்பாரிலிருந்து மணப்பாடு வரை ஊர் ஊராக ஞானஸ்நானம் நடந்து முடிந்ததையும் முன்பே பார்த்தோம். ஆயிரக்கணக்கானோர் பெயர் மாறினார்கள். மந்திரம் சொல்லித்தர ஆள் இல்லை. பாதிரியார்கள் வந்த வேகத்தில் திரும்பிப் போனார்கள். 1542 அக்டோபரில் பிரான்சிஸ் சவேரியார் இந்தக் கரைக்கு வந்து, “நீங்கள் என்ன விசுவசிக்கிறீர்கள்?” என்று கேட்டபோது, “நாங்கள் கிறிஸ்தவர்கள்” என்பதற்கு மேல் அவர்களுக்குச் சொல்லத் தெரியவில்லை என்று அவரே ரோமாபுரிக்கு எழுதியிருக்கிறார். அவர்களுக்குப் போர்த்துக்கீசிய மொழி தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது.

சவேரியார் கையில் மணியை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாக நடந்தார். பிள்ளைகளைக் கூட்டினார். இரண்டு மொழியும் கொஞ்சம் கொஞ்சம் தெரிந்த உள்ளூர்க்காரர்கள் சிலரை உட்காரவைத்து விசுவாச மந்திரம், பரலோக மந்திரம், அருள் நிறை மந்திரம், பத்துக் கட்டளைகள் எல்லாவற்றையும் தமிழாக்கி, அந்த ஒலியை மனப்பாடம் செய்து, பிள்ளைகளுக்குத் திருப்பிச் சொன்னார். கேட்ட பிள்ளைகள் வீட்டில் போய்ச் சொன்னார்கள். மனப்பாடம்தான் அங்கே வேதபாடம். ஞானஸ்நானம் கொடுத்துக் கொடுத்துக் கை ஓய்ந்தது, மந்திரம் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டியது என்று 1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து எழுதினார்.

அந்த மொழிபெயர்ப்பில் பிழை இருந்தது. ‘நான் விசுவசிக்கிறேன்’ என்று தொடங்கவேண்டிய மந்திரம் ‘எனக்கு வேணும்’ என்ற பொருளில் தொடங்கியது. திருச்சபையின் ஆதாரமான அறிக்கையைக் கரை முழுவதும் ‘வேணும், வேணும்’ என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். ‘மிஸ்ஸா’ என்ற லத்தீன் சொல்லை அப்படியே விட்டிருந்தார்கள். அது தமிழ் வாயில் ‘மீசை’ ஆயிற்று. ‘வேணும்’ தப்பு என்பதைச் சவேரியாரே 1544-இல் கண்டு திருத்தச் சொல்லி எழுதினார். ‘மீசை’யைச் சில ஆண்டுகள் கழித்துத் தமிழ் படித்த ஒரு பாதிரியார் வந்துதான் கண்டுபிடித்தார்.

‘வேணும்’ என்ற பிழையை நினைத்து நான் சிரித்ததில்லை. போர்த்துக்கீசியரிடம் அந்த மக்கள் கேட்டது பாதுகாப்பு. முத்துச் சலாபத்தில், அதாவது முத்துக்குளிப்பில், தங்களுக்குரிய பங்கு வேணும், சலாபத் தோணிகள் பத்திரமாகக் கரை சேர வேணும், கடலிலும் கரையிலும் அடித்துப் பறிப்பவர்களைத் தடுக்க ஒரு கை வேணும். இலக்கணப்படி அது தப்பு. அவர்கள் நெஞ்சிலிருந்து வந்த முதல் மந்திரம் என்னவோ அதுதான்.

சவேரியார் சொல்லைவிடக் கைக்கு அதிக வேலை கொடுத்தார் என்பதையும் மறைக்கக் கூடாது. எங்காவது பழைய தெய்வத்துக்கு வழிபாடு நடப்பதாகத் தெரிந்தால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்ச் சிலைகளை உடைக்கச் செய்ததையும், பிள்ளைகள் அவற்றை மிதித்ததையும் காறித் துப்பியதையும் மகிழ்ச்சியோடு எழுதியிருக்கிறார். சாராயம் குடிக்கும் பெண்களுக்குத் தண்டம், சிறை. அடங்காத பட்டங்கட்டிகளைக் கட்டிக் கொச்சிக்கு அனுப்புவேன் என்று எச்சரிக்கை. பட்டங்கட்டி என்றால் ஊர்த்தலைவர். பெற்றோர் கும்பிட்டதைப் பிள்ளை மிதிக்கும்போது அந்த வீட்டில் அன்றிரவு என்ன பேசிக்கொண்டிருப்பார்கள்? அந்தக் கடிதங்களைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வரும் கேள்வி இது. அதே மனிதர்தான் 1544-இல் வடுகர் என்ற தெலுங்கர் படை வந்து மக்கள் கன்னியாகுமரிப் பாறைகளில் ஒதுங்கிப் பட்டினி கிடந்தபோது தோணிகளில் சோறும் தண்ணீரும் ஏற்றிக்கொண்டு காற்றோடு போராடினார். குதிரை விற்ற காசுக்காக எதிரியோடு கைகோத்த போர்த்துக்கீசியக் கப்பித்தானைக் கடுமையாகக் கண்டித்தார். போர்த்துக்கல் அரசியின் செருப்புச் செலவுக்கென்று முத்துக்குளித்துறை வரியிலிருந்து போய்க்கொண்டிருந்த பணத்தைக் கேட்டு வாங்கி, ஊர்தோறும் மந்திரம் சொல்லித்தரும் கணக்கப்பிள்ளைகளுக்குச் சம்பளமாக்கினார். இந்த ஊர்களில் அவர் பெயர் வைக்காத வீடு இல்லாததற்குக் காரணம் இருக்கிறது.

இனி மீசையைப் பூசையாக்கியவரிடம் வருவோம். என் மனசில் இந்தத் தொடரின் நாயகர் அவர்தான்.

அன்றிக் அன்றீக்கசு. 1520-இல் போர்த்துக்கல்லின் வில விசோசாவில் பிறந்தவர். அவருடைய முன்னோர் யூதர்கள். 1497-இல் மன்னர் மனுவேல் தன் நாட்டு யூதர்கள் எல்லோரையும் கட்டாயமாக ஞானஸ்நானத்துக்குத் தள்ளினார். அவர்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் ‘புதுக் கிறிஸ்தவர்’ என்று பட்டம் கட்டினார்கள். பேரப்பிள்ளை காலத்திலும் அந்தப் பட்டம் ஒட்டிக்கொண்டிருந்தது. ஊரில் கல்யாணம், பதவி, துறவு எதுவானாலும் ‘இரத்தம் சுத்தமா?’ என்று விசாரிப்பார்கள். குலம் விசாரிக்கும் பழக்கத்துக்கு நாம் மட்டும் சொந்தக்காரர்கள் என்று நினைக்கக் கூடாது.

இளைஞர் அன்றிக் துறவியாக விரும்பிப் பிரான்சிஸ்கன் சபையில் சேர்ந்தார். ஏழைகளின் புனிதர் என்று உலகம் கும்பிடும் அசிசி பிரான்சிசின் சபை. அங்கி உடுத்தினார். இரத்தம் தெரியவந்ததும் அங்கியைக் கழற்றி வெளியே அனுப்பிவிட்டார்கள். அவருடைய படிப்பிலோ பக்தியிலோ குற்றம் இல்லை, பாட்டன் குலம்தான் குற்றம். 1545-இல் கோயிம்பிராவில், புதிதாக முளைத்திருந்த சேசு சபை அவரைச் சேர்த்துக்கொண்டது. மறு வருடம் கப்பல் ஏறினார். 1547-இல் முத்துக்குளித்துறைக்கு வந்தவர் 1600-இல் இதே மண்ணில் இறக்கும்வரை, இடையில் மன்னாரில் இருந்த சில ஆண்டுகள் தவிர, பெரும்பாலும் இங்கேயே இருந்தார். ஐம்பத்துமூன்று வருடம். நம் ஊர்க்காரர்கள் அவரை அண்டிறீக்கி பாதிரியார் ஆக்கினார்கள். அச்சேறிய புத்தகத்திலும் அந்தப் பெயர்தான் இருக்கிறது. இன்று அன்றிக் அடிகளார் என்கிறோம்.

புன்னைக்காயலில் உட்கார்ந்து தமிழ் படித்தார். ஆசான் வைத்துப் படிக்கும்போதே இலக்கணத்தையும் எழுதினார். ஜோவான் த பாரோசு போர்த்துக்கீசிய மொழிக்கு எழுதியிருந்த இலக்கணத்தைக் கைப்பிடியாக வைத்துக்கொண்டு, வேற்றுமை எது, காலம் காட்டும் இடைநிலை எது, வினைமுற்று எப்படி வளைகிறது என்று தட்டித் தடவி 1549 வாக்கில் ஒரு வடிவத்துக்குக் கொண்டுவந்தார். ஐரோப்பியர் ஒருவர் தமிழுக்கு எழுதிய முதல் இலக்கணமாக நமக்குக் கிடைத்திருப்பது அது. கையெழுத்துப்படி லிஸ்பன் தேசிய நூலகத்தில் இருக்கிறது. சில மாதங்களிலேயே துபாஷி இல்லாமல் பேசத் தொடங்கிவிட்டார். பேசத் தொடங்கிய பிறகுதான் பழைய மந்திரங்களில் ‘மீசை’ என்பது அவர் காதில் இடறியது.

இங்கேதான் வைதிகத்தின் நெருக்கடி வருகிறது. வைதிகம் என்று நான் சொல்வது திருச்சபை ‘இது சரியான விசுவாசம், இது தப்பறை’ என்று வகுத்த எல்லைக்கோட்டை. அன்றைக்கு ஐரோப்பாவில் அந்தக் கோட்டுக்காக நாடுகள் இரண்டுபட்டு நின்றன. லூத்தர் கிளப்பிய புயல் அடங்கவில்லை. 1545-இல் தொடங்கிய திரெந்து சங்கம் ஒவ்வொரு சொல்லையும் நிறுத்துப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்தச் சமயத்தில் லத்தீனும் தெரியாத, போர்த்துக்கீசும் தெரியாத ஒரு கடற்கரையில் தனி ஆளாக உட்கார்ந்துகொண்டு, ‘தேவுசு’ என்பதற்குத் தமிழில் என்ன சொல்வது?

பயந்தவர்களுக்கு ஒரு வழி இருந்தது. சொல்லை மாற்றாமல் அப்படியே விட்டுவிடலாம். இஸ்பிரீத்து சாந்து (பரிசுத்த ஆவி), குருசு (சிலுவை) போன்ற சொற்கள் அப்படித்தான் நம் மந்திரங்களில் நின்றன. தமிழ்ச் சொல் ஒன்றை எடுத்தால் அது தன் பழைய உறவுகளையும் கூட்டிக்கொண்டு வந்துவிடும் என்ற அச்சம். அன்றிக்கும் பல இடங்களில் இந்த வழியைத்தான் எடுத்தார். ஆனால் கடவுளுக்குத் ‘தம்பிரான்’ என்றார். சைவ மடங்களில் துறவிக்கும், சிவனுக்கும், மலையாளக் கரையில் அரசனுக்கும் வழங்கிய சொல் அது. மிஸ்ஸாவுக்கு நின்றது பூசை. தெருக்கோடியில் மணியடித்துக் கற்பூரம் காட்டுகிறவர்கள் சொல்லும் அதே பூசை. கோவாவில் கோயில்களை இடித்துக்கொண்டிருந்த ஆட்சியின் கீழ் இப்படிச் சொல் எடுக்க நெஞ்சுரம் வேண்டும். அப்பமும் இரசமும் கையில் ஏந்தி நடக்கும் சடங்கைக் கண்ணால் கண்ட மக்களுக்குப் பூசை என்றதும் புரிந்தது. சவேரியாரின் பிள்ளைகள் உடைத்த சிலைக்கு நடந்ததும் பூசைதான் என்பது அன்றிக்குக்குத் தெரியாமல் இருந்திருக்காது. தெரிந்துதான் அந்தச் சொல்லைத் திருப்பீடத்துக்குக் கொண்டுவந்தார் என்று நான் கொள்கிறேன்.

பாவசங்கீர்த்தனத்திலும் தமிழ் பெரிய வேலை செய்தது. துபாஷியை நடுவில் நிறுத்திக்கொண்டு மனசில் இருப்பதை யார் சொல்வார்கள்? அந்தத் துபாஷி நாளைக்கு அதே தெருவில் எதிரே வருவான். பாதிரியாருக்கே தமிழ் தெரியும் என்றானபிறகு காதோடு காதாகச் சொல்ல முடிந்தது. 1580-இல் கொச்சியில் அன்றிக் அச்சிட்ட ‘கொம்பெசியொனாயரு’ இதற்கான கையேடு. பத்துக் கட்டளைகளின் வரிசையில் மனசாட்சியைக் கேள்வி கேட்டுக்கொண்டு போகும். இதில் கண்காணிப்பும் இருந்தது. ஊரார் ஒவ்வொருவரின் உள்வீட்டுக்குள்ளும் திருச்சபை நுழைந்த வாசல் அது. அதே பாதிரியார் புன்னைக்காயலில் ஏழைகளுக்கு மருத்துவமனை நடத்தினார். ஊரார் தந்த காணிக்கையும், தப்பு செய்தவர்கள் கட்டிய தண்டமும் அதற்குப் போயின. 1553-இல் புன்னைக்காயல் சூறையாடப்பட்டபோது மற்றவர்களோடு சேர்ந்து இவரும் சிறைபிடிக்கப்பட்டார். மீண்டு வந்து மறுபடியும் அதே ஊரில் அதே வேலையைத் தொடர்ந்தார்.

அச்சின் கதையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 1554-இலேயே லிஸ்பனில் ஒரு தமிழ்ப் புத்தகம் அச்சாகிவிட்டது. வின்சென்ட் த நாசரேத், ஜோர்ஜ் கர்வாலோ, தொமா த குருஸ் என்ற மூன்று தமிழர்கள் சேர்ந்து செய்த மந்திரப் புத்தகம். அதில் தமிழ் ரோமன் எழுத்தில் இருந்தது. தமிழ் எழுத்திலேயே நமக்குக் கிடைத்திருக்கும் முதல் அச்சுப் புத்தகம் அன்றிக்கின் ‘தம்பிரான் வணக்கம்’. 1578 அக்டோபர் 20, கொல்லம். மொத்தம் 16 பக்கம். எழுத்து வார்க்கும் வேலையில் கைகொடுத்தவர்களில் ஒருவர் பேரோ லூயிசு, பிராமணராகப் பிறந்து சேசு சபையில் சேர்ந்தவர். செலவில் நம் கரை மக்களின் பங்கும் இருந்தது. முத்துக் குளித்த காசு.

அந்தப் பக்கங்களின் நகலைப் பார்த்தவர்களுக்கு முதலில் கண் தடுமாறும். மெய்யெழுத்துக்குப் புள்ளி இல்லை. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் வேறுபாடு இல்லை. புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று எழுத்தாணிக்காரர்கள் வைத்திருந்த வழக்கம் அப்படியே ஈயத்தில் ஏறியிருக்கிறது. சொல் எங்கே முடிகிறது என்று கண்டுபிடிக்க வாய்விட்டுப் படிக்க வேண்டும். இரண்டு வரி மெல்லச் சொல்லிப் பார்த்தேன். மூன்றாவது வரியில், பாட்டி இருட்டில் முட்டுக்குத்தி நின்று சொன்ன செபத்தின் தாளம் வந்துவிட்டது. நானூறு வருடத்து ஈய எழுத்து இப்படிக் காதுக்குள் பேசும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

அடுத்த வருடம் கொச்சியில் ‘கிரீசித்தியானி வணக்கம்’. 1586-இல் புனிதர்களின் கதைகள் அடங்கிய ‘அடியார் வரலாறு’, 669 பக்கம். வத்திக்கான் நூலகத்தில் கிடந்த பிரதியைக் கொண்டு 1967-இல் இராசமாணிக்கம் அடிகளார் அதை மறுபடி பதிப்பித்தார். தமிழ் உரைநடை வரலாறு எழுதுகிறவர்கள் அவசரமாகத் தாண்டிப் போகும் புத்தகம் அது. தாண்டக் கூடாது.

மந்திரம் திருந்தியதால் கடல் திருந்திவிடவில்லை. குளியாள் இடுப்பில் கயிறும் காலில் கல்லும் கட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்துச் சிப்பிப் பாரில் இறங்குகிறான். அடியில் சிப்பி இருக்கிறது, சுறாவும் இருக்கிறது. சுறாவின் வாயைக் கட்டுவதற்கென்று மந்திரக்காரர் ஒருவர் இருப்பார். அவர் இல்லாமல் குளியாள் தோணியை விட்டு இறங்கமாட்டான். மார்க்கோ போலோ 13-ஆம் நூற்றாண்டிலேயே இவர்களைக் குறிப்பிட்டு, கிடைப்பதில் இருபதில் ஒரு பங்கு இவர்களுக்கு என்கிறார். முதல் கட்டளைப்படி இது பாவம். ஆனாலும் இந்த வழக்கம் போகவில்லை. 1859-இல் வெளியான தன் இலங்கை நூலில் எமர்சன் டென்னண்ட், அந்தக் கரையில் சுறா கட்டும் ‘கடல்கட்டி’ அப்போது ரோமன் கத்தோலிக்கர் ஒருவர் என்று வியந்து எழுதுகிறார். எனக்கு வியப்பில்லை. கரையில் நின்று கட்டளை சொல்வது எளிது. ஆறேழு பாகம் ஆழத்தில் நிழல் ஒன்று அசையும்போது, பாதிரியார் சொன்ன மந்திரமும் பாட்டன் நம்பிய மந்திரமும் இரண்டுமே கூட இருக்கட்டும் என்று ஒரு மனிதன் நினைத்தால், அவனை அவிசுவாசி என்று சொல்ல எனக்கு வாய் வராது.

கல்யாணத்திலும் இதே இழுபறிதான். நான்கு தலைமுறை உறவுக்குள் மணம் கூடாது என்பது அன்றைய திருச்சபைச் சட்டம். மாமன் மகளுக்கு உரிமைக்காரன் அத்தை மகன் என்பது நம் முறை. தாலி, முறைமாமன், சீர் எல்லாம் நின்றன. விலக்கு கேட்டுக் கேட்டே சட்டம் இந்த ஊர்களில் வளைந்தது. இன்றும் நெருங்கிய உறவில் கட்டுகிறவர்கள் ஆயரிடம் அனுமதி வாங்கித்தான் கட்டுகிறார்கள்.

இதெல்லாம் நடந்துகொண்டிருந்த காலத்தில் 1560-இல் கோவாவில் விசாரணை மன்றம் நிறுவப்பட்டது. அப்படி ஒன்று இங்கே வேண்டும் என்று 1546-லேயே மன்னருக்கு எழுதியவர் சவேரியார். அது முதலில் குறிவைத்தவர்கள் யார்? புதுக் கிறிஸ்தவர்கள். இரகசியமாக யூத வழக்கத்தைப் பின்பற்றுகிறார்கள் என்ற குற்றச்சாட்டில் கோவாவிலும் கொச்சியிலும் வணிகர்களும் அவர்கள் வீட்டுப் பெண்களும் கைதானார்கள். அவர்களுடைய இரத்தம்தான் அன்றிக்கின் இரத்தமும். அங்கே அந்த இரத்தத்தைச் சந்தேகித்து விலங்கு மாட்டிக்கொண்டிருந்தபோது, இங்கே அந்த இரத்தம் ஓடிய ஒருவர் ஒரு கடற்கரைக்கே மந்திரங்களைத் திருத்திச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். 1593-இல் சேசு சபையும் யூத வம்சத்தாரைச் சேர்ப்பதில்லை என்று தீர்மானம் போட்டது. அப்போது அவருக்கு வயது 73. அந்தத் தீர்மானம் முன்பே இருந்திருந்தால் தம்பிரான் வணக்கம் இல்லை, அடியார் வரலாறும் இல்லை. இந்த வரிகளை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது. அதை மறைக்க விரும்பவில்லை.

1600-இல் புன்னைக்காயலில் அவர் உயிர் பிரிந்தது. உடலைத் தூத்துக்குடிக்குக் கொண்டுவந்து பனிமய மாதா கோயிலில் அடக்கம் செய்தார்கள். பக்கத்துக் காயல்பட்டினத்து முஸ்லிம்கள் அன்று நோன்பிருந்தார்கள், சுற்று ஊர்களில் இந்துக்கள் கடையடைத்தார்கள் என்று சேசு சபைக் குறிப்புகள் சொல்கின்றன. பரதவரும் மரைக்காயர் என்ற முஸ்லிம் கடலோடிகளும் அந்த நூற்றாண்டு முழுவதும் இந்தக் கடலில் இரத்தம் சிந்தியவர்கள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள்.

அவர் போனபின் கரை மறுபடியும் இழுபட்டது. கொச்சி ஆயர் அந்திரே த சாந்தா மரியா ஒரு பிரான்சிஸ்கன் துறவி. முத்துக்குளித்துறைக் கோயில்கள் யார் கையில் இருப்பது என்று அவருக்கும் சேசு சபைக்கும் மூண்ட வழக்கில், சேசு சபையார் சில ஆண்டுகள் இந்த ஊர்களை விட்டே வெளியேற வேண்டியிருந்தது. அதை விரிவாகப் பின்னால் பார்ப்போம்.

அதற்கிடையில் ரோமாபுரியிலிருந்து பிரபுக் குடும்பத்து இளைஞர் ஒருவர் வந்து சேர்ந்தார். ராபர்ட்டோ தெ நொபிலி. இந்தக் கடற்கரையில் சில மாதங்கள் தங்கித் தமிழ் படித்துவிட்டு 1606 நவம்பரில் மதுரைக்குப் போனார். அங்கே கொன்சாலோ பெர்னாண்டஸ் என்ற முன்னாள் சிப்பாய், சேசு சபைக்காரர், பரதவர்களுக்காக ஒரு கோயில் வைத்துப் பத்து வருடத்துக்கு மேலாக உட்கார்ந்திருந்தார். மதுரைக்காரர் ஒருவரையும் அவரால் கிறிஸ்தவராக்க முடியவில்லை. ஏன் என்று நொபிலி விசாரித்தபோது, வேதத்துக்கு வர விரும்புகிறவர்களிடம் கேட்கப்பட்டுவந்த ஒரு தமிழ்க் கேள்வி அவர் காதில் விழுந்தது:

“பரங்கிக் குலத்தில் சேர உனக்குச் சம்மதமா?”

(தொடரும்)